அதோனிராம் ஜட்சன் ஐயர்

துன்பக்காலத்தில் விசுவாசத்தைக் காத்துக்கொண்ட பெரியோரின் சரித்திரங்களை நாம் சிறு வயது முதல் கேட்டு வருகின்றோம். அவற்றுட் பலவற்றைப் படிக்குங்கால், அப்பெரியோரை அழுகையும் ஐயமும் அணுகவேயில்லை என்னும் எண்ணம் நமக்கு உண்டாகின்றது. இதனால் அவர்களுக்குப் பெருமை சேர்வதாக எழுதுவோர் கருதலாம். ஆனால் மனஞ் சோர்ந்துபோன ஒரு மாணவனுக்கு அத்தகைய சரித்திரத்தால் யாது பயன்? இன்று மியன்மா என வழங்கும் பர்மா தேசத்தில் 1813 முதல் 1850 வரை ஊழியஞ் செய்த அதோனிராம் ஜட்சன் ஐயரின் வாழ்க்கை அவ்வகையினதன்று. சிறையையும் விலங்கையும் பொறுத்த அப்பெரியார், பின்னொரு காலத்தில் தம் கடவுளையே காணாமல் தவித்தவர். தமக்கென ஒரு குழியை வெட்டுவித்து அதன் விளிம்பில் உட்கார்ந்திருந்தவர். அதனாலேயே அவரைப்பற்றி இம்மலரில் எழுதத் துணிந்தேன்.

அவர் 1788-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 9-ந் தேதி அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாகாணத்து மால்டன் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஒரு சபைக்குப் போதகர். தந்தையார் வெளியூர் சென்றிருந்த சில நாட்களில் தாயார் மூன்று வயதுப் பிள்ளைக்கு எழுத்துக் கற்பித்து, அவர் திரும்பியபோது வேதாகமத்தில் ஓர் அதிகாரத்தை வாசிக்கச் செய்து வியப்பித்தனராம். இத்தகைய கூர்த்த மதியுடைய பிள்ளை பிராவிடென்ஸ் நகரத்துக் கலாசாலையிற் சேர்ந்து, 1807-ம் வருஷம் தம் வகுப்பில் முதல்வராய்த் தேறியது வியப்பன்று. ஆனால் பட்டத்தோடு கூடவே வேறொன்றையும் அவர் வீட்டிற்குக் கொண்டுவந்தார். கலாசாலையில் ஈம்ஸ் என்னும் பெயருடைய மூத்த மாணவன் ஒருவன் இருந்தான். நாவன்மையும் நகைச்சுவையும் உடையவன். கடவுள் உலகத்தைப் படைத்தது உண்மையே, ஆயினும் படைத்தபின் அவர் மனிதர் காரியங்களில் தலையிடுவதில்லை, வேதமும் செபமும் வீண் என்பது அவன் கொள்கை. அக்கொள்கை ஜட்சனையும் பற்றிக்கொண்டது. தந்தையாரின் வாதங்களை மகன் எளிதில் முறித்தார். தாயாரின் கண்ணீரை மட்டும் முறிக்க அவரால் இயலவில்லை.

1808-ம் வருஷத்தில் உலகத்தைக் காணும் ஆவலால் குதிரையேறிப் புறப்பட்டு, நியூயார்க் நகரில் நாடகக்காரர் கூட்டத்தோடு சில காலம் அலைந்தார். திரும்பும் வழியில் ஓரிரவு ஒரு சத்திரத்தில் இறங்க நேர்ந்தது. காலியாயிருந்த ஒரே அறைக்கு அடுத்த அறையில் வாலிபன் ஒருவன் சாகுந் தறுவாயிற் கிடக்கின்றான் என்று சத்திரக்காரன் சொல்லி, அதற்காக மன்னிப்பும் கேட்டுக்கொண்டான். இரவு முழுதும் முனகலும் காலடியோசையும் கேட்டுக்கொண்டிருந்தன. அவ்வாலிபன் சாவுக்கு ஆயத்தமாயிருக்கின்றானோ என்று ஜட்சன் எண்ணினார். உடனே, இவ்வெண்ணத்தை ஈம்ஸ் அறிந்தால் எவ்வளவு நகைப்பான் என்று வெட்கப்பட்டார். பொழுது விடிந்ததும் விசாரித்தபோது, வாலிபன் இறந்துபோனான் என்றும், அவன் பிராவிடென்ஸ் கலாசாலையிற் படித்தவன் என்றும் சத்திரக்காரன் கூறிப் பெயரையும் சொன்னான். அது ஈம்ஸின் பெயரே. ஜட்சன் பயணத்தை நிறுத்தி வீடு திரும்பினார். அவ்வருஷமே ஆண்டோவர் வேதசாஸ்திரக் கலாசாலையிற் சேர்ந்து, டிசம்பர் மாதத்தில் தம்மைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுத்தார்.

கீழ்நாடுகளைப்பற்றிய சில நூல்களைப் படித்ததனால் மிஷனெரியாகச் செல்ல வேண்டுமென்னும் எண்ணம் அவருக்கு உண்டாயிற்று. அவரும் அவர் தோழரும் மூட்டிய ஊக்கத்தினாலேயே 1810-ல் அமெரிக்க மிஷன் சங்கம் தோன்றிற்று. பின்னர் 1816-ல் யாழ்ப்பாணத்திலும் 1834-ல் மதுரையிலும் வேலை தொடங்கியது இச்சங்கமே யாதலின், தமிழ் மக்களாகிய நமக்கும் இவருக்கும் ஒரு தூரத்து உறவு உண்டெனலாம். 1812-ம் வருஷம் பிப்ரவரி 5-ந் தேதி அன்னாள் ஹாசெல்டைன் என்னும் நற்குணவதியை மணந்தார்; மறுநாள் சேலத்தில் (நம் சேலமன்று) குருப்பட்டம் பெற்றார்; இரண்டு வாரத்திற்குள் தம்பதிகள் கப்பலேறினர். கப்பலிற் செய்த வேத ஆராய்ச்சியால் ஞானஸ்நானத்தைக் குறித்த அவர் கொள்கை மாறியது. கல்கத்தாவில் செப்டம்பர் மாதம் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றுப் பாப்திஸ்து சபையினரானார். அனுப்பிய சங்கத்தாரின் உதவியை இதனால் இழந்து, வேறு உதவி வருமோ வாராதோ என்னும் நிலையில் நின்றார். கும்பினியாரோ தங்கள் எல்லையில் அவரை இருக்கவொட்டாமல் துரத்தினர். மொரீசுத் தீவுக்குச் சென்று, அங்கிருந்து 1813 ஜூன் மாதம் நம் சென்னைக்கு வந்தார். இங்கும் தங்கினால் பிடித்து இங்கிலாந்துக்கு ஏற்றிவிடுவார்கள் என்னும் அச்சத்தால், அப்பொழுது புறப்பட ஆயத்தமாயிருந்த ஒரே கப்பலில் ஏறினார். அது இரங்கூனுக்குச் செல்லும் ஒரு பழங்கப்பல். வேறு துறைக்குப் போகுங் கப்பல் அன்று சென்னையில் நின்றிருந்தால் பர்மா தேசத்தின் வேத சரித்திரம் எவ்வாறிருந்திருக்குமோ! அப்பயணத்தில் அன்னாள் அம்மாளுக்குத் தலைப்பிள்ளை உயிரற்றுப் பிறந்தது. ஜூலை மாதம் 13-ந் தேதி இரங்கூன் சேர்ந்தபோது அவ்வம்மாளைத் தூக்கியே கரையிறக்க வேண்டியிருந்தது.

பர்மிய பாஷையைக் கற்க அவருக்கு இலக்கணமுமில்லை, அகராதியுமில்லை. வாய்த்த பண்டிதருக்கு ஆங்கிலந் தெரியாது. நம் பழைய ஏட்டுச்சுவடிகளைப் போலவே சொல்லுக்குச் சொல் இடைவெளியின்றி ஓலையில் வட்ட வட்டமாக எழுதப்பட்ட அப்பாஷையை நாள் முழுதும் உட்கார்ந்து பயின்றார். 1815-ல் பிறந்த ரோஜர் என்னும் மைந்தன் எட்டு மாதத்தில் இறந்தான். 1819-ல் வழிப்போக்கர் தங்கும் சாவடியைப் போன்ற ஒரு சயாத்தைச் சாலையோரத்திற் கட்டி அதிலிருந்து வருவோர் போவோருடன் பேசினார். அவ்வருஷம் ஜூன் மாதம் மௌங் நௌ என்பவர் முதன்முதல் ஞானஸ்நானம் பெற்றார். கரையிறங்கி ஆறு வருஷத்திற்குப்பின் ஒருவர்! இவ்விடத்தில் ஜட்சன் ஐயரின் பொறுமையைப் புகழ்வது வழக்கம். எனக்கோ, ஆறு வருஷமும் பலனைக் கேட்டு நெருக்காமல் பணம் அனுப்பிய அமெரிக்கச் சபையாரின் பொறுமையும் சிறிதன்றெனத் தோன்றுகின்றது. 1823-ல் புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு முடிந்தது. அவ்வருஷக் கடைசியில் தம்பதிகள் இராஜதானியாகிய ஆவாவுக்குப் புறப்பட்டனர்.

1824-ல் ஆங்கிலேயருக்கும் பர்மிய அரசருக்கும் யுத்தம் மூண்டது. இரங்கூன் பிடிபட்ட செய்தி ஆவாவை எட்டியதும், வெள்ளையர் யாவரும் ஒற்றர் என்னும் சந்தேகம் எழுந்தது. ஜட்சன் ஐயர் அமெரிக்கரே. ஆயினும் அவருக்கு வேண்டிய பணம் வங்காளத்து உண்டியல்களைக் கொண்டு ஆங்கில வியாபாரி ஒருவர் வழியாகவே வந்துகொண்டிருந்தது. கணக்கைக் கண்ட அரசாங்கத்தார் ஐயுற்றதை முற்றும் அநியாயமென்று சொல்லுவதற்கில்லை. ஜூன் மாதம் 8-ந் தேதி, முகத்தில் புள்ளி குத்தப்பெற்ற கொலையாளன் ஒருவனோடு சேவகர் வீட்டினுள் நுழைந்து, அவரைத் தரையில் தள்ளிக் கயிற்றால் இறுக்கி இழுத்துச் சென்றனர்.

அடைபட்ட சிறைக்குக் கொடுமைக்குக் கை கூசாதே எனப் பொருள்படும் பெயர் வழங்கிற்று. சாளரமில்லை, கழுவப்படாத தரை, காலில் முதலில் மூன்று சோடி விலங்கு, பின்னர் ஐந்து. இரவில் கைதிகளின் கால்களுக்கிடையே ஒரு மூங்கிலை நுழைத்து அதனை உயரத் தூக்கிக் கட்டுவர். தோளும் தலையும் மட்டும் தரையிற் படும். பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு சேவகன் வந்து, அன்று சாக வேண்டியவனைப் பேசாமற் சுட்டி அழைத்துச் செல்வான். அந்த மணி அடிக்கும்போது அங்கிருந்தோர் மூச்சடங்கி நின்றனர் என்பர்.

இக்காலத்தில் அன்னாள் அம்மாள் செய்தவற்றைத் தனி நூலாகவே எழுதலாம். கைதிகளுக்குச் சிறைச்சோறு கிடையாது. நாள்தோறும் உணவு கொண்டு சென்றவர் அவ்வம்மாளே. அதிகாரிகளின் வாசல்தோறும் நடந்து, கையிலிருந்தவற்றையெல்லாம் கையூட்டாகக் கொடுத்தார். நகராதிபதியின் மனம் அவர்பால் இளகியது. வெள்ளைக் கைதிகளை இரகசியமாகக் கொன்றுவிடும்படி வந்த உத்தரவை அவ்வதிகாரி நிறைவேற்றாமற் காலங் கடத்தினார். 1825 ஜனவரியில் மரியாள் என்னும் பெண் குழந்தை பிறந்தது. சில வாரங்களில் அதனைத் தாயார் சிறைவாசலுக்கு எடுத்துச் சென்றபோது, தந்தை விலங்கோடு தவழ்ந்து வந்து கண்டார்.

புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதியை அம்மாள் முதலில் வீட்டினடியிற் புதைத்து வைத்தார். மழைக்காலத்தில் அது அழிந்துபோகும் என்று அஞ்சி, எடுத்துப் பஞ்சோடு சேர்த்து ஒரு தலையணையாகத் தைத்தார். யாரும் இச்சியாத அளவுக்கு அது கரடுமுரடாயிருந்தது. ஜட்சன் ஐயர் அதன்மீதே தலைவைத்துப் படுத்தார். ஒருமுறை காவற்காரன் அதைப் பிடுங்கிக்கொள்ள, அம்மாள் அதனினும் நல்ல தலையணை ஒன்றைக் கொடுத்து மாற்றிக்கொண்டார். பதினொரு மாதம் சென்றபின், 1825 மே மாதம், கைதிகளைச் சடுதியில் வேறிடத்துக்கு ஓட்டிச் சென்றனர். அப்பொழுது காவலர் உறையைக் கழற்றிக்கொண்டு உள்ளிருந்த கட்டியைக் குப்பையென எறிந்துவிட்டனர். மௌங் இங் என்னும் விசுவாசி, தன் போதகரின் நினைவாக ஏதேனும் ஒன்று இருக்கட்டும் என்று அதனை எடுத்து வீட்டில் வைத்தார். உள்ளே இருந்தது இன்னதென அவர் அறியார். சில மாதங்களுக்குப்பின் பிரித்துப் பார்த்தபோது ஏடுகள் சேதமின்றி இருந்தன.

ஆவாவிலிருந்து அவுங்பென்லா வரை கோடை வெயிலில் வெறுங்காலுடன் நடத்தப்பட்டபோது ஐயரின் உள்ளங்கால் தோலுரிந்து இரத்தம் வடிந்தது. உடன் நடந்த கிரேக்கர் ஒருவர் அன்றே மாண்டார். ஆங்கில வியாபாரியின் வங்காள வேலைக்காரன் ஒருவன் தன் தலைப்பாகையைக் கிழித்து, பாதியைத் தன் எஜமானுக்கும் பாதியை ஜட்சன் ஐயருக்கும் காலிற் சுற்றிக்கொடுத்துத் தோளிலும் தாங்கினான். சரித்திரத்தில் அவன் பெயர் நிற்கவில்லை. அவுங்பென்லாவில் அன்னாள் அம்மாள் கடுஞ்சுரத்தில் விழுந்து பால் வற்றிப்போனார். விலங்கு பூண்ட தந்தை காவலரின் அநுமதி பெற்று, குழந்தையை ஏந்திக்கொண்டு, அக்கிராமத்துத் தாய்மாரிடம் வீடு வீடாகப் பாலுக்கு இரந்தார். அவர்களும் இல்லையென்னாமற் கொடுத்தனர்.

1825 நவம்பரில், சமாதானப் பேச்சுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருந்ததனால், அரசாங்கத்தார் அவரை வெளியில் விட்டனர். 1826 பிப்ரவரியில் யாந்தபோ உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. தம்பதிகள் குழந்தையோடு ஐராவதி நதியில் நிலவொளியிற் படகேறிச் சென்ற இரவே தம் வாழ்நாளின் பேரின்பம் என்று ஐயர் பிற்காலத்திற் சொல்வதுண்டாம்.

பெரும்பாலான சரித்திரக்காரர் இவ்விடத்தில் மூச்சுவிட்டு, துன்பம் தீர்ந்தது என்பதுபோல் மேலே விரைகின்றனர். உண்மையில் துன்பம் இனிமேற்றான். ஆங்கிலேயர் புதிதாக அமைத்த அம்ஹர்ஸ்டு என்னும் ஊரில் மனைவியையும் குழந்தையையும் குடியமர்த்திவிட்டு, ஐயர் ஆங்கிலத் தூதருக்கு மொழிபெயர்ப்பாளராக மீண்டும் ஆவாவுக்குச் சென்றார். மத சுதந்தரத்தை உடன்படிக்கையிற் சேர்ப்பிக்கலாம் என்பதே அவர் எண்ணம், அது கைகூடவில்லை. அங்கிருக்கையில் கறுப்பு முத்திரையிட்ட கடிதம் ஒன்று வந்தது. கொணர்ந்தவர், குழந்தை இறந்துபோயிற்று என்று தெரிவித்தார். குழந்தை பிணியுற்றிருந்ததை முன்னமே அறிந்திருந்த தந்தை, மனைவியேனும் பிழைத்தாளே என்று தேறி, அறைக்குள் சென்று கடிதத்தைத் திறந்தார். இறந்தது குழந்தையன்று. 1826 அக்டோபர் 24-ந் தேதி அன்னாள் அம்மாள் தம் முப்பத்தாறாவது வயதிற் காலமாகியிருந்தார். ஆறு மாதம் சென்று, 1827 ஏப்ரல் 24-ந் தேதி, மரியாளும் இறந்தாள்.

சிறையில் தளராதவர் இப்பொழுது தளர்ந்தார். அருகில் இருக்க வேண்டிய காலத்தில் மனைவியை விட்டுப்போனோம் என்னும் எண்ணம் அவரை அரித்தது. மோல்மேன் நகருக்கு மாறியபின், தாம் பிறரினும் மேன்மை விரும்பியதே யாவற்றிற்கும் காரணமென்று தம்மைத் தாமே தண்டிக்கத் தொடங்கினார். தாம் படித்த கலாசாலை அளித்த வேத பண்டிதர் பட்டத்தை 1828-ல் பகிரங்கமாகத் துறந்தார். தம் சொத்தை மிஷனுக்குக் கொடுத்தார். பழைய கடிதங்களை அழித்துவிடச் சொன்னார். அம்மாள் இறந்த இரண்டாம் ஆண்டு நிறைவு நாளில் காட்டோரத்தில் ஒரு குடிசை கட்டிக்கொண்டு தனியே குடிபுகுந்தார். ஒரு குழியையும் வெட்டுவித்து, அதனருகில் உட்கார்ந்து, தம் தேகம் அழுகும் ஒவ்வொரு நிலையையும் மனத்திற் சிந்தித்தார். கடவுளை விசுவாசிக்கின்றேன், ஆயினும் அவரைக் காண இயலவில்லை என்னும் கருத்துப்பட 1829-ல் அவர் எழுதியிருக்கின்றார்.

இத்தவம் தக்கதென்று நான் சொல்லேன். கிறிஸ்து தம்மவரைக் குழியருகில் உட்காரும்படி அழைக்கவில்லை. ஆனால் அவ்விருளினூடே அவர் செய்ததொன்றை உற்று நோக்குங்கள். அம்மாள் இறந்த அவ்வூரிலேயே, துக்கம் ஆறாத அந்நாட்களிலேயே, சங்கீதங்களின் புஸ்தகத்தைப் பர்மிய பாஷையிற் பெயர்க்கத் தொடங்கினார். மோல்மேனில் புதிய ஏற்பாட்டைத் திருத்தினார். சயாத்தில் உட்கார்ந்து வருவோருக்குப் போதித்தார். தமக்குத் தோன்றாத ஒளியைத் தோன்றியதாகச் சொல்லிப் பிறரை ஏமாற்றவுமில்லை. தோன்றவில்லை என்று எழுதுகோலைக் கீழே வைக்கவுமில்லை. எபிரேய மூலத்தின் ஒரு வசனத்துக்கு நேரான பர்மியச் சொல்லைத் தேடுபவனுக்கு, அந்நேரத்தில் தன் மனம் எந்நிலையிலுள்ளது என்று பார்க்கப் பொழுதிராது. நம்பிக்கை என்பது உள்ளத்தில் எழும் ஓர் இன்ப உணர்ச்சி என்றே நாம் கருதிவிடுகின்றோம். அவருக்கோ அக்காலத்தில் அது ஒரு வேலையாக மட்டுமே எஞ்சி நின்றது.

பிறர் அன்பும் அவரை விடவில்லை. புலிகள் திரியும் ஒரு காட்டில் பாழடைந்த கோயிலருகே அவர் தனித்துச் செபிக்கப் போவதுண்டு. ஒருநாள் சென்றபோது, அங்கே மூங்கிலால் ஓர் ஆசனமும், அதன்மேல் வெயில் படாதபடி பின்னிய கிளைகளால் ஒரு பந்தலும் இருக்கக் கண்டார். சபையிலிருந்த முதிய பர்மிய உதவிக்காரர் ஒருவர் இரகசியமாகப் பின்தொடர்ந்து அமைத்துவிட்டுச் சென்றது அது. செய்தவர் இன்னார் என்று ஐயர் கடைசிவரை அறியவில்லை.

இருள் எந்த நாளில் நீங்கியதென்று ஒருவராலும் குறிக்க இயலாது. 1830-ல் பிரோம் நகருக்குச் சென்று சில மாதம் உழைத்துப் பலனின்றித் திரும்பி, இரங்கூனில் தங்கினார். 1831-ம் வருஷத் தொடக்கத்தில் ஷுவேடகோன் கோயில் திருவிழா நடந்தது. கேட்டவர்க்கன்றிக் கொடுப்பதில்லை என்று விதித்துக்கொண்டும், ஏறக்குறைய பதினாயிரம் துண்டுப்பிரசுரங்கள் அவர் கையிலிருந்து சென்றன. சீயம், சீனம் ஆகிய நாடுகளின் எல்லையிலிருந்து இரண்டு மூன்று மாதம் நடந்து வந்தவர்கள், நித்திய கடவுளைப்பற்றிய ஏடு இங்கே கிடைக்குமென்று கேள்விப்பட்டோம் என்று சொல்லி அவர் படிக்கட்டில் வந்து நின்றார்கள். மலைவாசிகளாகிய கரேன் சாதியாரிடையிலும் இக்காலத்தில் வேதம் பரவிற்று. அவர்களுட் பலரைக் கொணர்ந்த கோ தா பியு, ஒரு காலத்தில் கொள்ளையும் கொலையும் புரிந்து, கடனுக்கு அடிமைப்பட்டிருந்து மீட்கப்பட்டவர். 1832-ல் ஐயர் கரேன் கிராமங்களில் ஆற்றுவழியே பயணஞ்செய்து பலருக்கு ஞானஸ்நானங் கொடுத்தார்.

1834 ஜனவரி 31-ந் தேதி வேதாகம மொழிபெயர்ப்பு முற்றுப்பெற்றது. கடைசி ஏட்டைக் கையில் ஏந்தி முழந்தாட்படியிட்டுத் தம் குற்றங்களுக்கு மன்னிப்பு வேண்டினார். பின்னும் ஆறு வருஷம் அதனைத் திருத்தி, 1840-ல் மறுபதிப்பை முடித்தார். அவ்வேதாகமம் இன்றளவும் பர்மியக் கிறிஸ்தவரிடம் வழங்கி வருகின்றது. இரங்கூன் சர்வகலாசாலை 1920-ல் ஏற்பட்டபோது அதன் உறுப்புக் கலாசாலைகளில் ஒன்று அவர் பெயர் தாங்கி நின்றது.

1834-ல், காலஞ்சென்ற போர்டுமன் ஐயரின் விதவையாகிய சாராள் அம்மாளை அவர் மணந்தார். அவ்வம்மாளும் 1845-ல் அமெரிக்காவுக்குச் செல்லும் வழியில் செயின்ட் ஹெலீனாத் தீவிற் காலமானார். முப்பத்துமூன்று வருஷத்திற்குப்பின் தாய்நாட்டைக் கண்டவருக்கு, சுவாச நோயால் குரல் எழும்பவில்லை. அவர் மெல்லப் பேச, மற்றொருவர் கூட்டத்தாருக்கு உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. சிறைக் கதைகளைக் கேட்கத் திரண்டு வந்தவர்களுக்கு அவர் கிறிஸ்துவின் அன்பைப்பற்றி மட்டுமே பேசினார், பலர் ஏமாற்றமடைந்தனராம். 1846-ல் எமிலி சப்பக் என்னும் எழுத்தாளரை மணந்து, அவ்வருஷமே பர்மாவுக்குத் திரும்பி, அகராதி வேலையில் அமர்ந்தார். ஆங்கிலத்திலிருந்து பர்மியத்துக்குச் செல்லும் பகுதி 1849-ல் முடிந்தது. மற்றப் பகுதியைத் தொடங்கி நடத்துகையிற் சுரங் கண்டது.

கடற்காற்றால் குணமாகலாம் என்று வைத்தியர் சொன்னதன்மேல், 1850 ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் அவரை ஒரு பிரெஞ்சுக் கப்பலில் ஏற்றினர். கர்ப்பிணியாயிருந்த எமிலி அம்மாள் உடன் செல்ல இயலவில்லை. ஏப்ரல் 12-ந் தேதி அவர் உயிர் பிரிந்தது. அன்று மாலையே சடலத்தைக் கடலில் இறக்கினர். பத்து நாள் சென்று மோல்மேனில் குழந்தை உயிரற்றுப் பிறந்தது. கணவர் இறந்த செய்தி அம்மாளுக்கு எட்ட நான்கு மாதமாயிற்று. பாதியில் நின்ற பர்மிய அகராதியின் ஏடுகளை ஸ்டீவன்ஸ் என்னும் சக ஊழியர் எடுத்து, எஞ்சியதைத் தாம் எழுதி நிரப்பி, 1852-ல் அச்சிட்டு வெளியிட்டார்.